நீலப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. வெளியே யாரோ கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும், கடலோரத்து எங்கள் ஊர் எத்தாளையில் அப்பா வள்ளத்துக்கு அடிக்க வைத்திருந்த நீலப் பெயின்ற் டின் ஞாபகத்துக்கு வந்தது.

யுத்தம் முடிந்த பிறகுதான் வீட்டில் கம்ப்யூட்டர் பேச்சே எழுந்தது. சாமான்களை வாங்கித் தந்தால் நானே பூட்டுவேன் என்றேன். அப்பா விடவில்லை.

"நீ பூட்டிப் பழுதாப் போனா, நான் யாரோட சண்டை பிடிக்கிறது?"

புத்தளத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பூட்டக் கொடுத்தார். கடைக்காரரையும் நம்பவில்லை. வள்ளத்து எஞ்சினைத் திருத்தக் கொடுத்தால், உள்ளே இருப்பதை மாற்றிவிடுவார்கள் என்று ஒவ்வொரு பாகத்திலும் நீலப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். அன்றும் இடுப்பில் மண்ணெண்ணெய் மணக்கும் சாரத்தோடு கடைக்கு டின்னைத் தூக்கி வந்து, சாமான்கள் எல்லாவற்றிலும் பொட்டு வைத்து, காயும்வரை காவல் இருந்தார்.

பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டால், ஒன்றுமில்லை.

"நானா, நான் அங்கால பார்த்த நேரம் எதையோ மாத்திட்டீங்க" என்றார் அப்பா.

கடைக்காரர் மெமரியைக் கழற்றிக் காட்டினார். பொன்னிறப் பற்களின் மேலேயே நீலம் காய்ந்திருந்தது.

"அண்ணன், உங்கட பொட்டுத்தான் கரண்டை மறிக்குது."

அழிறப்பரால் தேய்த்து எடுத்தார். கம்ப்யூட்டர் வேலை செய்தது. பஸ்ஸில் அப்பா என் காதுக்குள் சொன்னார்:

"பொட்டை அழிச்சிட்டான். இனி மாத்தினாலும் எங்களுக்குத் தெரியாது."

இப்போது என் கணவர் தேத்தண்ணியோடு வந்து, பாவம், எட்டிப் பார்க்கிறார்.

"இதில கை வெச்சீங்களா?" என்று கேட்டேன்.