வாய் தெரிய ஒரு பாட்டு

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஒரு பெண் என்னிடம், "அங்கிள், ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க ப்ளீஸ்" என்றாள். தள்ளி நின்றேன். கல்லூரிப் பெண்கள் சில பேர், கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்த ஒரு செல்போன், கால் நிமிஷப் பாட்டு. ஆடினார்கள், பார்த்தார்கள், அழித்தார்கள், மறுபடி ஆடினார்கள். கீழே என் வண்டி வந்து நின்று, கிளம்பியும் விட்டது. நானோ அவர்களுடைய வாய் பாட்டோடு ஒட்டுகிறதா என்றே பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய தொழில் புத்தி, எங்கே போகும்?

அன்றிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உட்கார்ந்தால் கட்டைவிரல் தானாகப் போனைத் தள்ளுகிறது. ஒரு பாட்டு, அது சூடு பிடிப்பதற்குள் அடுத்தது, அதிலும் பாதி. ஒரு பாட்டை முழுசாகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரசாங்க டி.வி.யில் எதைப் போட்டாலும் பார்த்தோம், பிடிக்காத பாட்டையும் கடைசி வரி வரைக்கும். அப்புறம் கேபிள் வந்தது. எங்கள் சேலையூர் கேபிள்காரருக்கு போன் செய்தால் கேட்ட பாட்டைப் போடுவார், அவருக்குப் பிடித்திருந்தால். அதற்குப் பிறகு பாட்டுக்கென்றே சேனல்கள் வந்து, திரைக்கு அடியில் காதலர்களின் சேதி ஓட ஆரம்பித்ததும் பாட்டை விட்டுவிட்டு அதைப் படித்தோம்.

நான் அப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டர். பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் இல்லாத ஓர் அறை, வீடியோ கேசட் ஓட்ட இரண்டு டெக், படத்தோடு படம் கலக்க ஒரு மிக்சர், அவ்வளவுதான். டெக் சூடானால் ஒரு வாசனை வரும், அதன் ஹெட்டைத் துடைக்கிற ஸ்பிரிட் வாசனை வேறு. இரண்டும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கின்றன. மணமகள் முகத்தை இதய வடிவத்துக்குள் வைத்துச் சுழற்றி மணமகன் தலைக்கு மேல் இறக்குவதில் கேளம்பாக்கம் வரைக்கும் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. முதலாளி குமார் அண்ணன்தான் கேமராவும் பிடிப்பார்.

அங்கே ஒருநாள் ரோஸ்லின் டீச்சர் வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சர்ச்சில் பாடுகிறவர். தானே எழுதி மெட்டுப் போட்ட ஒரு பாட்டைப் பதிவு செய்து கேசட்டாகக் கொண்டுவந்திருந்தார். பக்திப் பாட்டுக்கெல்லாம் படம் பிடித்து சி.டி. போடுவது அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "முகம் கிட்டத்துல வேணும் சார். வாய் நல்லாத் தெரியணும்." அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். டீச்சருக்கு நடிப்பு ஆசை என்று நினைத்துவிட்டோம்.

காரணம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களை ஏன் காக்க வைக்க வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன். டீச்சரின் அம்மாவுக்குக் காது கேட்காது. மகள் பேசத் தொடங்கும் முன்பே ஏதோ காய்ச்சலில் போய்விட்டது. எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார். சர்ச்சில் மகள் பாடும்போதோ மைக் வாயை மறைத்துக்கொண்டிருக்கும். வீட்டில் எதிரே நின்று பாடிக் காட்டலாமே என்று பிற்பாடு நான் கேட்டேன். "உங்க வாயையே உத்துப் பாத்துக்கிட்டு அம்மா உக்காந்திருக்கும்போது பாடிப் பாருங்க சார். ரெண்டாவது வரியில அழுகை வந்துடும்" என்றார். வாய்க்கு முன்னால் மைக் இல்லாமல் ஒருத்தர் முழுப் பாட்டையும் பாடுவது வீடியோவில்தான். அதற்காகத்தான் எங்களைத் தேடி வந்திருந்தார்.

திருநீர்மலை அடிவாரத்தில் படம் பிடித்தோம். மலை வேண்டும், பெருமாள் கோயில் கோபுரம் ஃப்ரேமில் விழக் கூடாது. அண்ணன் கேமராவை அப்படியும் இப்படியும் திருப்புவதைப் பார்த்து, மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்றுவிட்டார். "இன்னாபா, கோயில வுட்டுட்டு வெறும் மலைய எடுத்துகினு கீறே?"

"டீச்சர் வேற சாமிண்ணா."

"சர்தான்" என்று மாட்டையும் ஓரங்கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அங்கே கரண்ட் கிடையாது. பேட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டரில் பாட்டைப் போட்டு, அதற்கு டீச்சர் வாயசைக்க வேண்டும். வெயில் ஏற ஏற பேட்டரி இறங்கியது, பாட்டும் மெதுவாகிக்கொண்டே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதால் எங்களுக்கு உறைக்கவில்லை. "சுருதி இறங்குது சார்" என்றார் டீச்சர். "வெட்டவெளியில காத்து இழுக்கும் டீச்சர், அப்படித்தான் கேக்கும்" என்றார் அண்ணன். நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

எடிட்டிங்கில் சரியான வேகத்தில் ஓடும் பாட்டைச் சேர்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பாட்டு முன்னால் ஓடுகிறது, வாய் பின்னால் வருகிறது. பாட்டு முடிந்த பிறகும் டீச்சர் பாடிக்கொண்டிருந்தார். இன்றைக்கு என்றால் கம்ப்யூட்டரில் வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம், எங்கள் டெக்கில் அதற்கு வழியில்லை. "வாய் வர்ற எடத்துல எல்லாம் பூவப் போடு" என்றார் அண்ணன். போட்டேன். ரோஜா விரிந்தது, அருவி கொட்டியது, புறா பறந்தது. டீச்சர் முதுகைக் காட்டி நடந்து போகிற ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. எங்களுக்கு ஒரே பெருமை.

படத்தைப் பார்க்க டீச்சர் அம்மாவையும் அழைத்து வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவையில் அந்த அம்மா முன் நாற்காலியில் உட்கார்ந்தார். ரோஜா வந்தது. அருவி வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பி, உரத்த குரலில், "நீ எங்கடி?" என்று கேட்டார்.

அப்போதுதான் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினேன்.

"எடுத்தது அப்படியே இருக்கா சார்?"

"இருக்கு டீச்சர். ஆனா வாய் ஒட்டாது, அசிங்கமா இருக்கும்" என்றார் அண்ணன்.

"அம்மாவுக்கு எதோட சார் ஒட்டணும்?"

ஷூட்டிங் கேசட்டைப் போட்டேன். சத்தத்தை நிறுத்தச் சொன்னார் டீச்சர். ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. திரை நிறைய டீச்சரின் முகம், இறங்கிப்போன பேட்டரியின் புண்ணியத்தில் ஒவ்வொரு சொல்லும் நிதானமாக. அந்த அம்மாவின் உதடுகளும் கூடவே அசைய ஆரம்பித்தன. முடிந்ததும், "வார்த்தையெல்லாம் நல்லாருக்கே, யாரு எழுதுனது?" என்றார். டீச்சர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய், டீ சொல்லாமலே திரும்பி வந்தேன். அழுகைதான், வேறென்ன.

அதை ஒரு கேசட்டில் நகல் எடுத்துக் கொடுத்தோம். ஷூட்டிங் கேசட்டின் மேல் வழக்கம்போல அடுத்த கல்யாணம் பதிவாயிற்று, கீழ்க்கட்டளையில். எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான். நகல் பூஞ்சை பிடித்து, டெக்கில் சிக்கி அறுந்துபோன சமயத்தில், அதை ஒட்டித் தருகிற ஆள் தாம்பரத்தில் ஒருவரும் இல்லை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

பூ வைத்த வீடியோவை யாரோ நெட்டில் ஏற்றியிருக்கிறார்கள். ரோஜா அருமை என்று கீழே எழுதியும் இருக்கிறார்கள். அம்மா காலமான பிறகு டீச்சர் எனக்குப் போன் செய்தார். "அம்மா பாத்தத நான் இன்னொரு தடவ பாக்கணும் சார். எங்கயாவது இருக்குமா?" பரணிலிருந்து கட்டிலுக்கடி வரை எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்தேன், குமார் அண்ணன் வீட்டிலும் போய்த் தேடினேன். இல்லை. அந்தப் பாட்டை இன்றைக்கு யாரும் எங்கிருந்தும் கேட்கலாம். அந்த அம்மா பார்த்த பாட்டுதான் எங்கேயும் இல்லை.