பக்கத்தில் உட்காரும் பெண்

யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. திருமழிசையில் எங்கள் தெருவில் யாரைப் பெண் பார்க்க வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். நான் உட்கார்ந்தால் சம்பந்தம் கூடிவிடும் என்று ஒரு பேச்சு. ராசிக்காரி என்று எனக்கு ஏகப் பெருமை. நாற்று நடும்போதுகூட அந்த மிதப்பிலேயே இருப்பேன்.

கடைசியில் என்னைப் பார்க்கவும் வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பட்டாபிராமில் பட்டாளத்துக் கிடங்கில் வேலை. ஏற்கெனவே இரண்டு இடம் பேச்சளவிலேயே தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அப்பா உடைந்துவிடுவார். பூந்தமல்லி ரோட்டில் ஜீப்பில் போகும் துரைசானி மாதிரி ஆக்குகிறேன் பேர்வழி என்று அம்மா எங்கிருந்தோ பவுடர் வாங்கிவந்து அப்பிவிட்டாள். கழுத்து ஒரு நிறம், மூஞ்சி ஒரு நிறம். சாம்பல் தூவிய கத்திரிக்காய் மாதிரி இருந்தேன். அது போதாதென்று பின்தெருப் பெண் ஒருத்தியையும் வரவழைத்திருந்தாள். என்னையும்விடக் கறுப்பு. தலை நிறையக் கனகாம்பரத்தோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

இவள் எதற்கு என்று அம்மாவைக் கேட்டேன்.

"அவ பக்கத்துல குந்துனாத்தாண்டி நீ கொஞ்சம் செவப்பா தெரிவே," என்றாள், என் பின்னலை முடிந்தபடியே.

அடிப்பாவிகளா! எத்தனை வீட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் ராசி இதுதானா? கொல்லைக்குப் போய்த் தொட்டித் தண்ணீரில் மூஞ்சியை அலம்பினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி பூச நேரமில்லை. வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

இருவரும் பாயில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல பொண்ணு யாரு?"

என் அம்மா தலை குனிந்துகொண்டாள். நான்தான் என்று நானே சொன்னேன்.

சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். அவர்கள் சொன்ன விதத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்பா கழனிக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் மட்டும் போகாமல் என் அருகிலேயே நின்றாள். பூ இன்னும் வாடவில்லை.

"அக்கா, என்னப் பாக்க மாப்ள வூட்டுக்காரங்க வரசொல்ல நீ வந்து பக்கத்துல குந்துவியா? நீ ராசிக்காரியாமே."

வருகிறேன் என்றேன். என்னால் அவளைவிடக் கறுப்பாக முடியாது என்பதை எப்படிச் சொல்வது?