தங்கச்சிக்கு டபுள் புரமோஷன்

எனக்கும் என் தங்கைக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் நான் அண்ணன். நாலாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பதவியை யாரும் அசைக்கவில்லை. நான் படித்து முடித்த புத்தகத்தில்தான் அடுத்த வருஷம் அவள் படிப்பாள், அதில் இருக்கும் படங்களுக்கெல்லாம் நான் வரைந்து வைத்த மீசைகளோடு சேர்த்து. உலகம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அதைக் கெடுத்தவர் திண்டிவனத்திலிருந்து வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்.

காணைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். ஐம்பதுகளில் அங்கே பள்ளிக்கூடம் என்றால் ஒரு நீளமான ஓட்டுக் கூடம். மூன்றாம் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் ஒரே வாத்தியார். நாலாம் வகுப்பான நாங்கள் முன்னால், தங்கையின் மூன்றாம் வகுப்பு எங்களுக்குப் பின்னால், எல்லோரும் தரையில். எங்களுக்கு நடத்துவது அவர்களுக்கும் கேட்கும். கேட்டால் கேட்கட்டும், எங்களுக்கே புரியாதது அவர்களுக்கா புரியப்போகிறது என்று இருந்துவிட்டோம்.

வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வருவார். அன்றைக்கு எல்லோரும் நகம் வெட்டி, எண்ணெய் வழியத் தலை வாரி, பொத்தான் உள்ள சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டு போவோம். அந்த வருஷம் வந்தவர் நேராக நாலாம் வகுப்புக்கு வந்து என்னைத்தான் எழுப்பினார். முன்வரிசையில் இடம் பிடித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது.

"ஒரு ஏர் ஒரு காணி நிலத்தை ஆறு நாளில் உழும். மூன்று ஏர் பூட்டினால் எத்தனை நாளில் உழும்?"

மூன்றையும் ஆறையும் பெருக்கினேன். "பதினெட்டு நாள் சார்" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், "ரெண்டு நாளு சார்" என்றது. யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் தினமும் கேட்கிற குரல்தான்.

இன்ஸ்பெக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம் போனார். அஞ்சு ஏர் பூட்டினால் என்றார். அவள் விரலை மடக்கி, விரித்து, "ஒரு நாளு முழுசா உழுவணும் சார். அப்புறம் மறுநாள்ல அஞ்சுல ஒரு பங்கு நேரம்" என்றாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவர் வேறு யாரையும் கேட்கவில்லை. நாலாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கடகடவென்று வாசித்தாள். என்னை உட்காரச் சொல்ல எல்லோரும் மறந்துபோனார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது மூன்றாம் வகுப்பிலிருந்து அவளை ஒரேயடியாக ஐந்தாம் வகுப்பில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதற்கு டபுள் புரமோஷன் என்று பெயர். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் யாருக்கும் கொடுத்ததில்லை. நானும் அதே ஐந்தாம் வகுப்புக்குத்தான் வந்திருந்தேன், ஒவ்வொரு படியாக.

அம்மா அவளுக்கு வெல்லமும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வறுத்தும் மடி நிறையக் கொடுத்தாள். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். என்னைப் பார்த்தும், "மூணு ஏரைப் பூட்டிக்கினு பதினெட்டு நாளு சுத்துனீனா, மாடு உன்ன உழுதுடும்டா" என்றார். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு எரியும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஒரே வகுப்பானதில் அப்பாவுக்கு ஒரு சௌகரியம், இருவருக்கும் ஒரு செட்டுப் புத்தகம் போதும். அது யார் கையில் இருப்பது? அண்ணன் கையில்தான். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். பக்கத்தில் வந்தால் முழங்கையால் இடிப்பேன். அதனால் அவள் எதிரில் உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். நன்றாகக் கஷ்டப்படட்டும் என்று நினைத்தேன். தீபாவளிக்குள் அவள் தலைகீழாகவே சரளமாகப் படிக்கப் பழகிவிட்டாள். நான் பாதிப் பக்கம் வருவதற்குள் அவள் முடித்துவிட்டு, நான் பக்கத்தைத் திருப்புவதற்காகக் காத்துக்கொண்டிருப்பாள்.

எட்டாம் வகுப்பு வரைக்கும் இப்படியே நாலு வருஷம். வாத்தியார்கள் எனக்கு வைத்த பெயரே "அந்தப் பொண்ணோட அண்ணன்". பரீட்சைக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று பிள்ளையாரைப் பதினோரு சுற்றுச் சுற்றினேன். காய்ச்சல் வந்தது, எனக்கு. கேப்பைக் கூழைக் கரைத்து எடுத்துவந்து கொடுத்ததும் அவள்தான். அதற்காகவும் அவள்மேல் கோபப்பட்டேன்.

எங்கள் ஊரில் எட்டாவது வரைக்கும்தான். அதற்குமேல் படிக்க விழுப்புரத்துக்கு நாலு மைல் நடக்க வேண்டும். நான் போவது என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அவளைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய வாத்தியார்தான் ஒருநாள் மத்தியானம் களத்துக்கே வந்தார். அப்பா மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் நாங்களும் உடனிருந்தோம்.

"இந்தப் பொண்ண நிறுத்திடாதீங்க. திண்டிவனம் இன்ஸ்பெக்டரே எழுதியிருக்காரு. ஸ்காலர்ஷிப் வாங்கிக் குடுக்கறது என் பொறுப்பு. நீங்க அனுப்பினா போதும்" என்றார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணங்காரன் கூடத்தானே போய்க்கினு வரப்போறா" என்றார். அப்பா எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்து நான் பார்த்ததில்லை. தங்கை மல்லாட்டையைத் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "வழியெல்லாம் எப்படிடா இருக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

"டேஷனாண்ட பசங்க நின்னுக்கினு இருப்பானுங்கம்மா. பொம்பளப் புள்ளைங்க போனா விசில் அடிப்பானுங்க. பின்னாடியே வருவானுங்க. பெரிய பேஜாரு" என்றேன்.

பள்ளிக்கூட நேரத்தில் அந்த வழியாக நான் ஒருநாளும் போனதில்லை. விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் மாமாவோடு இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டும் திருவிழாவுக்கு. யாரும் விசில் அடித்து நான் கேட்கவில்லை. அவளைத் திண்டிவனத்தில் அத்தை வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைப்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. அவள் என் வகுப்பில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மல்லாட்டையைப் பார்த்தார். "வேணாம் சார், விட்டுடுங்க" என்றார். பெரிய வாத்தியார் இன்னும் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு வெயிலில் திரும்பி நடந்தார். தங்கை குனிந்து மறுபடியும் மல்லாட்டையைத் துழாவ ஆரம்பித்தாள். டபுள் புரமோஷனில் அவள் ஒரு வருஷத்தை மிச்சம் பிடித்துவிட்டாள் என்றுதான் நாலு வருஷமாக நான் எரிந்துகொண்டிருந்தேன். தாவாமல் என்னைப் போல ஒவ்வொரு படியாக வந்திருந்தால் அவளுக்கு இன்னும் ஒரு வருஷமாவது பள்ளிக்கூடம் மிச்சம் இருந்திருக்கும். அந்தக் கணக்கு அன்றைக்கு எனக்கு வரவில்லை.

ஜூன் மாதம் நான் ஒன்பதாவதில் சேர்ந்தேன். புதுப் புத்தகங்களுக்கெல்லாம் அவள்தான் அட்டை போட்டு, என் பெயரை அழகாக எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் நான் வருவதற்காக வாசலிலேயே நிற்பாள். "இன்னிக்கி இன்னா நடத்துனாங்க அண்ணா?" என்பாள். நடத்தியதோடு நடத்தாததையும் சேர்த்துச் சொல்வேன். பையன்கள் யாராவது வழியில் தொந்தரவு செய்தார்களா என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

ஒருநாள் அல்ஜீப்ராக் கணக்கு ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரில் அவள் உட்கார்ந்திருந்தாள், பழைய இடத்திலேயே. அந்தப் புத்தகத்தில் யாரும் அவளுக்கு ஒரு வரி நடத்தியதில்லை. "அந்த ஏழ இந்தப் பக்கம் கொண்டாந்துட்டா வந்துடும் அண்ணா" என்றாள் மெதுவாக.

கொண்டுவந்தேன். வந்துவிட்டது. உடனே புத்தகத்தைப் படாரென்று மூடினேன்.

"உனக்கின்னா இங்க வேல? போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றேன்.

எழுந்தவள் உடனே போகவில்லை. மூடிய புத்தகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒருவழியாக இவளுக்கும் என்னைப் பார்த்துப் பொறாமை வந்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பதினாலு வயதில் எனக்குப் பொறாமை ஒன்றுதான் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.