மூன்றாம் மாடிச் சீட்டு

காலை ஏழரை மணிக்கு மேனாம்பேட்டிலிருந்து கிளம்பினேன். ஏரிக்கரை ஓரமாக இருக்கும் எங்கள் தெருவை அரசாங்கத்தில் இடித்து எடுக்கிறார்கள். பதிலுக்கு அடுக்குமாடியில் வீடு. யாருக்கு எந்த மாடி என்று பத்து மணிக்குப் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் குலுக்கல். வீட்டுக்கு ஒருவர் வந்து தன் கையால் சீட்டு எடுக்க வேண்டும். அங்கே லிஃப்ட் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டுவிட்டது. சீட்டில் மாடி விழுந்தால், ஏற்றிவிட்ட நாளோடு சரி. அப்புறம் அவர் தெருவைப் பார்க்க முடியாது.

“கீழ் ஊடா பாத்து எடுத்துகினு வா” என்றார், கத்தரிக்காய் பொறுக்கச் சொல்வது போல.

அம்பத்தூர் ஓ.டி.யில் இரண்டு பேருந்துகள் வந்தன. இரண்டும் நிறுத்தத்தைத் தாண்டி இருபது அடி தள்ளி நின்றன. மற்றவர்கள் ஓடி ஏறினார்கள். என்னால் ஓட முடியாது, கத்தவும் வராது. எட்டு இருபதுக்கு மூன்றாவது பேருந்தில் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசில்லை.

“எங்க ஆயா?”

“ஆவடி.”

“வாய்க்குள்ளயே வச்சிகினா எனக்கு எப்படிக் கேக்கும்?” என்றார் நடத்துநர்.

ஆவடி ஆறு கிலோமீட்டர்தான். நாற்பது நிமிடம் ஆனது. அங்கிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். ஏழு பேர் ஏறியும் வண்டி நகரவில்லை.

“பத்து மணிக்குக் குலுக்கல்” என்றேன்.

“நீ போவாம குலுக்கிடுவாங்களா ஆயா? இன்னும் ரெண்டு பேர் வரட்டும்.”

“குலுக்கிடுவாங்க” என்றார் பக்கத்தில் நசுங்கியிருந்த பெரியவர்.

பருத்திப்பட்டு தாண்டினோம். காடுவெட்டி, சென்னீர்க்குப்பம் எங்கும் நெரிசல். பத்தேகாலுக்கு மண்டபத்தில் விழுந்தடித்து நுழைந்தால், அதிகாரி இன்னும் வரவில்லையாம். இதற்கா காலையில் கஞ்சி கூடக் குடிக்காமல் ஓடி வந்தேன்? பதினொன்றரைக்கு ஆரம்பித்தார்கள்.

மேசை மேல் ஒரு தவலை நிறையச் சீட்டு. எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை: அடியில் கிடக்கும் சீட்டுதான் கீழ் வீடு. தோள் வரை கையை விட்டுத் துழாவினார்கள்.

“அம்மா, தவலையவா கழுவுறீங்க? ஒண்ணை எடுங்க” என்று சீட்டு எழுதுபவர் எரிந்து விழுந்தார்.

நானும் அடி வரை விட்டுத்தான் எடுத்தேன். மூன்றாம் மாடி என்று படித்தார்கள். சீட்டோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் செல்வி, எங்களுக்குப் பின் தெரு; அதையும் எடுக்கிறார்கள். மாடி வேண்டும் என்று மேலாக ஒரு சீட்டைக் கிள்ளி எடுத்தவள். அவளுக்குத் தரைத்தளம் விழுந்திருந்தது.

“வெள்ளத்துல கழுத்து வரைக்கும் நின்னவ நானு. கட்டில், டிவி, புள்ளைங்க புஸ்தகம் எல்லாம் போச்சு. மறுபடி கீழயா?” என்று யாரையோ திட்டிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் சீட்டை மாற்றிக்கொள்ளலாம், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் முடியாது என்று சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போட அவளுக்கு முன்னால் நான்கு பேர். கேட்கலாமா என்று நினைப்பதற்குள் மூன்று பேர். மாட்டேன் என்றால் என்ன செய்வது? இரண்டு பேர். பேருந்தும் அதிகாரியும் தவலையும் என் பேச்சைக் கேட்கவில்லை. நானாவது என் பேச்சைக் கேட்கக் கூடாதா என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

“எங்க ஊட்டுக்காரருக்குக் கால் வராது.”

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏன் ஆயா, இவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்தே? நான் இங்க கத்திகினு கீறேன், நீ பாட்டுக்குக் கேட்டுகினு கீறே.” என் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ரெண்டு பேரும் மனசாரத்தானே?” என்று அலுப்போடு கேட்டார் அதிகாரி. ஆமாம் என்றேன். இந்த முறை என் குரல் கேட்டது.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். புது வீட்டிலும் ஐப்பசியில் தண்ணீர் ஏறும் என்று வழியெல்லாம் செல்வி அடித்துச் சொன்னாள். ஏறட்டும். ஏரிக்கரையிலும் ஏறத்தான் ஏறுகிறது. கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்த எனக்குத் தெரியும். மூன்று மாடியைக் கீழே இறக்கி வைக்கத்தான் தெரியாது.