அழுக்கில்லாத தண்ணீர்

கல்முனையில் றாஹிலாவின் வீட்டைப் போலத் துப்புரவான வீடு இன்னொன்று கிடையாது என்பதை அவளுக்கு ஆகாதவர்கள்கூட ஒத்துக்கொள்வார்கள். வந்தவர் செருப்பைக் கழற்றுமுன்னே அவள் கண் அவர் காலுக்குப் போய்விடும். அப்படிப்பட்டவளின் கணவன் நிப்றாஸ், கட்டார் நாட்டு ஹோட்டல் ஒன்றில் மீன்தொட்டி பராமரித்துவிட்டு ஊர் திரும்பி, மண்டபத்துக்குள் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து நிறைத்தால் எப்படியிருக்கும்! கண்ணாடித் தொட்டி, ஏழெட்டு மீன், நீல விளக்கு, கொழும்பில் வாங்கிய முருகைக்கற்கள் என்கிற பவளங்கள். மோட்டர் இரவும் பகலும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தமும் அவளுக்குப் பிடிக்காது. முருகைக்குக் கல் என்றுதான் பெயர், ஆனால் உயிருள்ளது. பெருவிரல் அளவில் வந்த ஊதா முருகை ஒன்றை அவன் உள்ளங்கை அளவுக்கு வளர்த்திருந்தான். பிள்ளையில்லாத வீடு. "உங்கட மகள் சாப்பிட்டாளா?" என்று றாஹிலா கேலி பண்ணுவாள். "ஓம், வயிறு நிறைய," என்பான் அவன்.

நெஞ்சுவலி என்று சொன்ன அன்றே நிப்றாஸ் மௌத்தானான். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் றாஹிலா உட்கார்ந்தாள். வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே. வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது, தொட்டி அவனுடையது. அவனுடைய மூத்தவர் முஸ்தாக் நானா வந்து, அவளிருந்த அறைக்கு வெளியே நின்று, "மீனெல்லாத்தையும் என்ட புள்ளைகளுக்குக் கொண்டுபோறன். உனக்கும் கரைச்சல் இல்ல," என்றார். கல்லை வைத்து என்ன செய்வது? அதை விட்டுவிட்டார். அவளும் சரி என்றாள்.

ஊதா முருகையைச் சாகவிடுவதில்லை என்று அவள் வைராக்கியம் பிடித்தாள். அவன் கைபட்டு வளர்ந்ததில் மிஞ்சியிருந்த உயிர் அதுதான். தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தாள்: துப்புரவு. கண்ணாடியில் பாசி ஒட்ட விடாமல் சுரண்டினாள். தங்கை ஜெனூபாவின் புருசனை விரட்டிக் கடல் தண்ணீர் எடுப்பித்து மாற்றினாள். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. நிப்றாஸ் அதை இடையிடையே நிறுத்திவைப்பான். சோம்பல் என்று நினைத்திருந்த றாஹிலா அதை நிறுத்தவே இல்லை. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி தெளிந்தது. ஊதா மட்டும் வெளிறிக்கொண்டே போனது. வெளிற வெளிற அவள் இன்னும் துப்புரவாக்கினாள், பைத்தியக்காரி.

கடைசியில் ஜெனூபா பாண்டிருப்புக் குணம் என்பவரைக் கூட்டிவந்தாள். அலங்கார மீன் விற்பவர், நிப்றாஸின் கூட்டாளி. உள்ளே வர முடியாது. வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார், கதவுத் திரைக்குப் பின்னால் றாஹிலா. அவர் சொன்னபடி ஜெனூபா தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து, சோதிக்கிற மருந்தை விட்டுக் குலுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குணம் வெயிலில் பிடித்துப் பார்த்தார். நிறமே வரவில்லை.

"நைட்ரேட்டும் இல்ல, பொஸ்பேட்டும் இல்ல. ஒண்டுமே இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்! அழுக்கே இல்லையா அண்ணன்?" என்றாள் றாஹிலா திரைக்குப் பின்னாலிருந்து.

குணம் குப்பியைக் கீழே வைத்தார். "அதான் தங்கச்சி பிழை. வயலுக்குப் பசளை போடாட்டி நெல்லு வெளிறும்தானே? இது மீன்ட கழிவிலதான் சீவிக்குது. மீனெல்லாம் எங்க?"

றாஹிலா மீனைத் திருப்பிக் கேட்டு முஸ்தாக்குக்குப் போன் போட்டாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிள்ளைகள் கடல் மீனைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள். "அண்டைக்கே செத்துட்டு. சொன்னா நீ கவலப்படுவாய் எண்டுதான்..." றாஹிலா போனை வைத்துவிட்டாள்.

குணம் இரண்டு மீனும் தீனியும் கொடுத்தனுப்பினார். கொஞ்சமாகப் போடச் சொன்னார், கூடினாலும் கெட்டுவிடும் என்றார். ஆனால் றாஹிலாவின் கை மறுசோறு வைக்காமல் ஒருவரையும் அனுப்பியறியாத கை. பட்டினி கிடந்த உயிருக்கு ஒரு சிட்டிகை போட்டுவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. தொட்டியைத் தாண்டிப் போகும்போது போட்டாள், வரும்போது போட்டாள். தண்ணீர் நாறியது. மீன் இரண்டும் மிதந்தன. முருகையின் தோல் உரிந்து, அதன்மேல் பச்சைப் பாசி மயிர்போலப் படர்ந்தது.

"பட்டினி போட்டும் கொன்னன், தீத்தியும் கொன்னன்," என்று ஜெனூபாவின் மடியில் விழுந்து அழுதாள். மௌத்து வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

இத்தா முடிந்த அன்று முஸ்தாக்கின் மனைவி கமீலா வரப்போகும் சொந்தங்களுக்குச் சமைக்க உதவவென்று நேரத்தோடு வந்தாள். நல்ல மனுசிதான். தொட்டியின் கோலத்தைப் பார்த்துப் பொறுக்காமல், தண்ணீரை மாற்றுவித்து, செத்த முருகையைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளை வெளேரென்று திரும்ப வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னே நின்றார்கள்.

"மாஷா அல்லாஹ், முந்தியவிட இப்பதான் வடிவு. நல்லாப் பாத்திருக்காய் றாஹிலா," என்றார் முஸ்தாக்.

அவள் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

எல்லாரும் போன பிறகு குணம் வந்தார். இப்போது உள்ளே வரலாம். தொட்டியைப் பார்த்தார். பிறகு சுவிட்சில் கை வைத்தார்.

"மோட்டர நிப்பாட்டவா தங்கச்சி? சும்மா கரண்ட்தான் போகுது."

"வேணாம் அண்ணன். அந்தச் சத்தம் நிண்டா, அவர் ஊட்டில இல்லையெண்டு தெரிஞ்சிரும்."

குணம் கையை எடுத்தார்.