நாடகக்காரரின் தாடையில் தம்பியின் கை

தம்பி புலம்பெயர்ந்து வந்து லா ஷோ-து-ஃபோன் நகரில் கடிகாரத் தொழிற்சாலைக்குப் போன முதல் வருடமே, இயந்திரம் அவனுடைய இடது மோதிரவிரலில் பாதியை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கை காற்சட்டைப் பைக்குள் குடியிருந்தது. என் கல்யாணப் படங்களில்கூட அப்படித்தான் நிற்கிறான். ஊரில் போர் முடிந்து அம்மாவை இங்கே கூப்பிட்டபோது, விமான நிலையத்தில் ஒற்றைக் கையால்தான் கட்டிப்பிடித்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவன் மறைக்கிறான் என்பதற்காகத் தெரியாத மாதிரியே இருந்துவிட்டார். இரண்டு பேரும் நெஞ்சழுத்தக்காரர்கள். எனக்குத்தான் எரிச்சல்.

வலது கை மட்டும் சும்மா இருக்காது. யாரையாவது வரைந்துகொண்டே இருக்கும். இந்த நகரத்து நாடக அரங்கில் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க நாடகாசிரியரின் நாடகம் போட்டார்கள். வாசலில் மாட்ட அவருடைய படத்தை வரைந்து தரும்படி இவனைக் கேட்டார்கள். கிடைத்த புகைப்படத்தில் தலை மட்டுமே இருந்தது. தாடையில் கை ஊன்றி யோசிக்கிற மாதிரி வேண்டும் என்றதால், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து தன் இடது கையைப் பார்த்தே வரைந்தான்.

படத்தைப் பார்த்ததும் சண்டைக்குப் போனேன்.

“அந்தாளுக்கு உன்ர அரை விரலைப் போட்டிருக்கிறாய், விசரா!”

“அவர் எப்பவோ செத்திட்டார் அக்கா. வந்து கேக்கமாட்டார்.”

அடுத்த பனிக்காலம் தம்பியே போய்விட்டான். மாரடைப்பு. பெட்டியில் கிடத்தியவர்கள் அவனது இடது கைக்கு மேல் வலது கையை வைத்திருந்தார்கள். அம்மா கிட்டப் போய் எதையோ தேடுகிறவர் மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி நெருங்கியபோதுதான் வாய் திறந்தார்.

“பிள்ளை, அவன்ர அந்தக் கை ஒரு படத்திலயாவது இருக்கோ?”

ஆல்பங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் கை பைக்குள்தான். பிறகுதான் அந்த நாடகக்காரரின் படம் ஞாபகம் வந்தது. அரங்கில் கெஞ்சிக் கேட்டேன். ஒரு நாளைக்கு இரவல் தந்தார்கள்.

மாலை போட்ட தம்பியின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரக் கிழவரை வைத்தோம். வந்திருந்த மாமி ஒருவர், “இது ஆர், வேலை குடுத்த முதலாளியோ?” என்று கேட்டார். அம்மா சந்தனத்தைக் குழைத்து, கிழவரின் நெற்றியை விட்டுவிட்டு, அந்த அரை விரலுக்கு நேரே படத்தின் கண்ணாடியில் பொட்டு வைத்தார். பிறகு உள்ளங்கையால் அந்தக் கையை மூடிக்கொண்டார்.

“நல்லா நொந்ததோ ராசா?”

இத்தனை வருடமும் கேட்காத கேள்வி.

மறுநாள் படத்தைச் சந்தனத்தோடேயே திருப்பிக் கொண்டுபோனேன். துடைக்க மனம் வரவில்லை. அரங்கிலிருந்த பெண் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏதோ ஒட்டியிருக்கிறது என்று சிரித்தபடி துணியை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு தெரியும். வாய்தான் வரவில்லை. அவள் துடைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.