வெள்ளை மூக்கு விமானம்

படியில் கால் வைக்கும் முன் அய்சுலூ விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். வாலில் எழுதிய எண்ணை வாய்விட்டுப் படிப்பாள். உள்ளே போனதும் கதவோரம் அடித்திருக்கும் தகட்டிலும், பராமரிப்புப் புத்தகத்தின் அட்டையிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்ப்பாள். இதற்காக ஓஷ் விமான நிலையத்தில் அவளைக் கேலி செய்யாத ஆளே கிடையாது.

"கேப்டனம்மா பொண்ணு பாக்க வந்துட்டாங்க" என்பான் எரிபொருள் வண்டிக்காரன்.

"பாத்துட்டுத்தாம்பா கூட்டிட்டுப் போவேன். உன்னை மாதிரி கண்ணை மூடிட்டுக் கட்டிக்க மாட்டேன்."

தரையில் வேலை செய்யும் ஆட்களுக்கு எண் சொல்லும் பழக்கமே இல்லை. குதிரையோடு வளர்ந்த கூட்டம். நிறத்தைச் சொன்னால்தான் அவர்களுக்கு அடையாளம் பிடிபடும். கம்பெனியில் அச்சில் வார்த்த மாதிரி இரண்டு விமானங்கள் இருந்தன. பதினேழாம் எண்ணுக்கு மட்டும் மூக்கு வெள்ளை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த குதிரையைக் கூப்பிடுகிற மாதிரி அதைக் 'காஷ்கா' என்றார்கள். பத்தொன்பதுக்கு நீல மூக்கு.

அன்று காலை அய்சுலூ தலைநகர் பிஷ்கெக்குக்கு ஓட்ட வேண்டியது பதினேழு. சுற்றி வந்தபோது அதன் மூக்கு நீலமாக இருந்தது.

"பத்தொன்பதோட மூக்கு ஆலங்கட்டி மழையில விரிசல் விட்டுச்சுல்ல, அதான் இதோட வெள்ளை மூக்கைக் கழட்டி அதுக்கு மாட்டிட்டாங்க கேப்டன். அப்புறம் இதுக்குப் புதுசு வந்துச்சு, நீலத்துல" என்றான் துணை விமானி ஆதிலெத்.

வால், தகடு, அட்டை மூன்றிலும் பதினேழு இருந்தது. மூக்கு எந்த நிறமானால் என்ன என்று புத்தகத்தைத் திறந்தாள். இடப்பக்கத்து வெளிப்புறச் சக்கரம் நேற்று மாற்றப்பட்டதாக முத்திரையோடு எழுதியிருந்தது. சற்று முன்பு சுற்றி வந்தபோது அது புதுசாகத் தெரியவில்லையே என்று இருந்தது. மறுபடி இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தாள். டயர் வழுக்கையாகத் தேய்ந்து கிடந்தது.

முத்திரை தாஷ்போலோத்துடையது. அவர் அவளுடைய மூத்தார், கணவனின் அண்ணன். நேற்றுத்தான் விடுப்பு முடிந்து வேலைக்கு வந்திருந்தார். வெள்ளை மூக்கைக் கண்டதும் அதுதான் காஷ்கா என்று பத்தொன்பதுக்குப் புதுச் சக்கரத்தை மாட்டிவிட்டு, பதினேழின் புத்தகத்தில் எழுதிவிட்டார் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

போன வருடமே தவறான பதிவு ஒன்றுக்காக எச்சரிக்கை வாங்கியவர். இன்னொன்று என்றால் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள், பிறகு விமானம் கழுவத்தான் விடுவார்கள். 'வானத்துல திரியற மருமக நமக்கு வேண்டாம்' என்று மாமியார் பிடிவாதம் பிடித்தபோது அவளுக்காகச் சண்டை போட்டவரும் அவர்தான்.

"'டயர் தேஞ்சிருக்கு, மாத்தணும்'னு மட்டும் எழுதுங்களேன்" என்றான் ஆதிலெத். "மாத்திடுவாங்க, நாம கிளம்பிடலாம். யாருக்கும் வம்பில்ல."

"எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சப்புறம் மத்ததை எந்த தைரியத்துல நம்புறது?"

'பதிந்துள்ள சக்கர மாற்றம் இந்த விமானத்தில் நடக்கவில்லை' என்று எழுதிவிட்டு ரேடியோவை எடுத்தாள். அங்கே வீட்டுக்கு வந்த 'கெலின்', அதாவது மருமகள், கணவனின் மூத்தவர்கள் பெயரை உச்சரிக்க மாட்டாள்; அண்ணன் முறையில் 'பாய்கே' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் உச்சரித்ததில்லை.

"மெக்கானிக் தாஷ்போலோத், பதினேழுக்கு வாங்க."

ரேடியோவில் அந்தப் பெயரைக் கேட்டு மற்ற ஆட்கள் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எரிபொருள் வண்டிக்காரன்கூட.

அவர் விறுவிறுவென்று வந்தார். "பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்கு வளந்துட்டியா, கெலின்?"

"வீட்டுல கூப்பிட்டா தப்பு, பாய்கே. இங்க எனக்கு வேற வழியில்ல."

புத்தகத்தை நீட்டினாள். அவர் படித்தார். டயரைப் பார்த்தார், நீல மூக்கைப் பார்த்தார், கடைசியில் வாலைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேட்பாரோ என்று அய்சுலூ பேனாவைக் கைக்குள் மூடிக்கொண்டாள். கேட்டால் முடியாது என்று சொல்லத்தான் போகிறாள். சொல்லிவிட்டு அவர் இருக்கும் வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது என்றுதான் தெரியவில்லை.

"இது மட்டும் எழுதினா எப்படி?" என்றார் அவர்.

"பாய்கே..."

"நேத்து அதே கையோட இன்ஜின் எரிபொருள் வடிகட்டியையும் பத்தொன்பதுலதான் மாத்தியிருக்கேன். பதினேழுன்னு எழுதின காகிதம் ஹேங்கர்ல இருக்கு, உன் கண்ணுல பட்டிருக்காது. இதுக்குள்ள இன்னும் பழைய வடிகட்டிதான் இருக்கு." பைக்குள் கைவிட்டு முத்திரையை எடுத்தார். "நீ டயரை மட்டும் கேட்டிருந்தா நானும் விமானம் மாறினது தெரியாம டயரை மட்டும் மாத்திட்டு அனுப்பி வச்சிருப்பேன். பேனாவக் குடு."

நின்றபடியே அவள் வரிக்குக் கீழே எழுதினார். எழுதி முத்திரையைக் குத்தினார். பிறகு அதைப் பைக்குள் போடாமல், மேலதிகாரி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டு, வடிகட்டி எடுத்துவர ஹேங்கர் கொட்டகையை நோக்கி ஓடினார்.